கையில் இருப்பதை முடித்துவிட்டு

"டீ ஆறுதுங்க, வாங்க."

"கையில இருக்கிற தட்டை முடிச்சிட்டு வரேன். புதுசா எதையும் தொட்டியில போட்டுடாதே" என்றார் கணவர். பாத்திரம் தேய்ப்பதிலும் அவருக்கு அலுவலகப் புத்திதான். அவள் வேண்டுமென்றே ஒரு கரண்டியைப் போட்டாள். "அது அடுத்த ஷிஃப்டுக்கு" என்று ஒதுக்கி வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றிருந்தது.

இருவருக்கும் ஒரே அலுவலகம். ரத்தப் பரிசோதனை முடிவுகளை நோயாளிகளின் போனுக்கு அனுப்பும் மென்பொருள் அவர்களுடையது. முடிவுகள் சர்வரில் வரிசை கட்டி நிற்கும். பின்னணியில் ஓடும் சிறு நிரல்கள் அவற்றை எடுத்து அனுப்பும். சர்வரை நிறுத்திப் புதுப்பிக்கும்போதெல்லாம் சில முடிவுகள் தொலைந்தன. அதைச் சரிசெய்யும் வேலையைத்தான் கணவர் பாதியில் விட்டுப் போயிருந்தார்.

அவள் வேலைக்குத் திரும்பியதும் மேலாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இந்தத் தடவையும் ஒண்ணு தொலைஞ்சா, அவர் எழுதினதை எடுத்துட்டு வெளியில வேற ஒண்ணை வாங்கிப் போட்டுடலாம்மா."

அவள் வரிவரியாகப் படித்தாள். நிறுத்தச் சொன்னதும் நிரல் புதிதாக எதையும் எடுக்காது, கையில் இருப்பதை முடித்துவிட்டு நிற்கும். எல்லாம் சரிதான். ஆனால் ஒவ்வொரு நிரலும் ஒன்றைச் செய்துகொண்டே இன்னும் பலவற்றை முன்கூட்டியே அள்ளி மடியில் கட்டி வைத்திருந்தது. பக்கத்து நிரல் சும்மா நிற்கும். நிறுத்தினால் மடியில் இருந்ததெல்லாம் அதோடு போயிற்று.

ஒன்று முடிந்தபின்தான் அடுத்தது என்று மாற்றினாள். வரிசை மளமளவென்று நகர்ந்தது.

"அண்ணன் இதை எப்படிக்கா கவனிக்காம விட்டார்?" என்றான் பக்கத்து மேசைக்காரன். அவனை எல்லோரும் அவசரக்குடுக்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அவர் எதையும் அள்ளி வச்சுக்க மாட்டார்டா. நிரலும் தன்னை மாதிரியேன்னு நினைச்சிருப்பார்."

முடிவுகள் வந்து குவியும் நண்பகலில் சர்வரை நிறுத்திப் பார்த்தார்கள். ஒன்றைத் தவிர எல்லா நிரல்களும் நின்றுவிட்டன.

"இது நிக்க மாட்டேங்குதுக்கா. ஒரே போடா போட்டுடவா?"

"கையை எடுடா! பெரிய அறிக்கை போலிருக்கு. முடிச்சிட்டு நிக்கும்."

மேலாளர் நகத்தைக் கடித்தார். அறிக்கை போனது, நிரலும் நின்றது. வந்தவற்றையும் போனவற்றையும் ஒப்பிட்டார்கள். ஒன்றுகூடத் தொலையவில்லை.

"அப்போ இதுவே இருக்கட்டும்மா" என்றார் மேலாளர். அன்று அவளுக்கு நன்றாகப் பசித்தது.

அவசரக்குடுக்கை திரையைக் காட்டினான். நிற்கும்போது ஒவ்வொரு நிரலும் ஒரு வரி எழுதிவிட்டு நிற்கும்படி கணவர் செய்திருந்தார். "இதை மட்டும் 'நிறுத்தப்பட்டது'ன்னு மாத்திடலாமாக்கா? ஆபீஸ் மாதிரி இருக்கும்."

"அது கிடக்கட்டும்" என்று சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சர்வரை நிறுத்தினால் கடைசியாகத் திரையில் வருவது இப்போதும் அதே வரிதான்: "போயிட்டு வரேன்."