எல்லோருக்கும் இருபது

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, ஆண்கள் வார்டில் படுத்திருந்த இருபத்திரண்டு பேரும் நிமிடத்துக்கு இருபது தடவை, ஒரே நேரத்தில் இழுத்து ஒரே நேரத்தில் விட்டு, மூச்சுவிடத் தொடங்கினார்கள். அவர்கள் இழுத்தபோது கதவு உள்ளே வந்தது, விட்டபோது வெளியே போனது. தரை துடைப்பவர் அந்தத் தாளத்துக்கே துடைத்து, வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாக வேலையை முடித்தார். அதே வாரம் வந்த தரக்குழு, இவ்வளவு ஒழுக்கமான நோயாளிகளை எங்கும் கண்டதில்லை என்று சான்றிதழ் கொடுத்தது. மாட்ட வேறு ஆணி இல்லாததால், நின்றுபோன சுவர்க் கடிகாரத்தை இறக்கிவிட்டு அந்த ஆணியில் மாட்டினார்கள்.

காரணம் அந்த வார்டின் நர்ஸ் இருபது அக்காவுக்கு மட்டும் தெரியும். காய்ச்சலையும் ரத்த அழுத்தத்தையும் கருவி சொல்லிவிடும்; மூச்சைத்தான் மனுஷி எண்ண வேண்டும். நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல், நோயாளிக்குத் தெரியாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் பார்க்க வேண்டும். இருபத்திரண்டு பேருக்கு இருபத்திரண்டு நிமிடம். அதற்குள் ஆறு பேர் தண்ணீர் கேட்பார்கள், ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பார். எனவே அவள் பதினோரு ஆண்டுகளாக அட்டவணையில் எல்லோருக்கும் இருபது என்றே எழுதிவந்தாள். அத்தனை காலம் பொறுத்துப் பார்த்த உடம்புகள், அந்தச் செவ்வாய்க்கிழமை எழுத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டன. வேறொன்றும் நடக்கவில்லை.

வியாழன் காலை ஒன்பதாம் கட்டில்காரரின் உதடு நீலமானது. வயிற்றில் அறுவை செய்துகொண்ட பஞ்சர் கடைக்காரர் அவர். "டியூப்புக்குக் காத்து பத்தல சிஸ்டர். வால்வு திறக்க மாட்டேங்குது" என்றார், அந்த இருபதில் இரண்டு மூச்சுகளுக்கு நடுவே. ஆக்சிஜன் அளவு காட்ட விரலில் மாட்டும் கருவி பழுதுபார்க்கப் போயிருந்தது. டாக்டர் அட்டவணையைப் பார்த்தார். "மூச்சு இருபது. நார்மல். பயம்தான்" என்று அடுத்த கட்டிலுக்குப் போனார். "நார்மலா இருக்கறவரு ஏன் சட்டியோட அடிப்பாகம் மாதிரி கறுத்துப் போறாரு?" என்று அவர் மனைவி கேட்டதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

இருபது அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து, வாழ்க்கையில் முதல் தடவையாக முழு நிமிடமும் எண்ணினாள். இருபது. மறுபடி எண்ணினாள். இருபதேதான். நெஞ்சு முப்பதைக் கேட்டுத் துடித்தது. தாள் இருபதோடு நிறுத்தியது.

"ஹெட் சிஸ்டர், நான் எண்ணாம எழுதிட்டேன்."

"மெதுவா பேசுடி. எல்லாரும் எண்ணாமதான் எழுதறோம். அடிச்சுக் கையெழுத்துப் போட்டேன்னா வேலைக்கே உலை. இந்தா வெள்ளை மை, பூசிடு."

பூசினாள். மைக்கு அடியில் இருபது இருபதாகவே இருந்தது. பஞ்சர் கடைக்காரரின் கண் மேலே செருகியது. அப்போது அவள் மையைச் சுரண்டிவிட்டு, படிப்பில் சொல்லிக்கொடுத்தபடி, கீழே இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்தாள். பக்கத்தில் 'எண்ணவில்லை' என்று எழுதி, கையெழுத்தும் நேரமும் போட்டாள். பேனாவை எடுப்பதற்குள் அவர் நெஞ்சு அவிழ்த்துவிட்ட கன்றைப் போலத் துள்ளியது. எண்ணினாள்: முப்பத்தெட்டு. அதையும் எழுதி, டாக்டரைக் கையைப் பிடித்தே இழுத்துவந்தாள். ஆக்சிஜன் வந்தது, நுரையீரலில் சளி கட்டியது தெரிந்தது, ஆள் பிழைத்தார். மாலைக்குள் மற்ற இருபத்தோரு எண்களையும் அடித்தாள். கதவு நின்றது.

வேலை போகவில்லை, தண்டனையாக மூன்று ஆண்டு பதிவறை கிடைத்தது. அங்கே தான் எழுதிய பதினோரு ஆண்டுக் கோப்புகளையும் எடுத்து, கோடு, கையெழுத்து, நேரம் என்று அடித்துக்கொண்டே போனாள். கோடு விழவிழ, வீடு திரும்பி வருஷங்களான ஆட்கள் நகரெங்கும் ஓடவும் பெருமூச்சு விடவும் தொடங்கினார்கள். ஒரு பெண் மட்டும் புகாரோடு வந்தாள். "கொஞ்ச காலமா வாயைத் தொறக்காம சாதுவா இருந்த மனுஷன், இப்ப மூச்சு விடாம கத்தறாரு. பழையபடி இருபதுன்னே எழுதிக் குடுத்துடும்மா."

"எண்ணாம எழுத மாட்டேன்க்கா. கூட்டிட்டு வாங்க, எண்ணிப் பாக்கறேன்."

கடைசிக் கோப்பு அவளுடையதே. எப்போதோ குடல்வால் அறுவைக்கு மூன்று நாள் படுத்திருந்தபோது, உடன் வேலை பார்த்த தோழி எழுதியது: இருபது, இருபது, இருபது. எழுதியவர்தான் அடிக்க வேண்டும் என்பது விதி. தோழி கல்யாணமாகி, விலாசம் சொல்லாமல் எங்கோ போய்விட்டாள். இருபது அக்கா கோப்பை மூடி இடத்தில் வைத்தாள்.

இப்போது அவள் மறுபடியும் ஆண்கள் வார்டில் இருக்கிறாள். நான்கு மாடி ஏறினாலும் நிமிடத்துக்கு இருபதுதான். அதனால் மூன்றாம் மாடி பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு ஏறுகிறாள். ஒவ்வொரு மணிக்கட்டையும் முழு நிமிடம் பிடிக்கிறாள். கைக்கடிகாரம் மறந்து வந்த சிஸ்டர்கள் அவளை எதிரே நிற்கச் சொல்லி, அவளுடைய இருபது மூச்சுக்குள் நோயாளியின் மூச்சை எண்ணிக்கொள்கிறார்கள். சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி கேட்டு அனுப்பிய விண்ணப்பத்தை அதன்பிறகு யாரும் நினைவூட்டவில்லை.