வியாழன்: உறுப்பினர்களுக்கு மட்டும்

எங்கள் தோட்டத்து மாதர் சங்கத்துக்கு இரண்டு கரும்பலகை. ஒன்று மண்டபத்துக்கு வெளியே, ஊருக்கெல்லாம் தெரிய. இன்னொன்று உள்ளே, தையல் மிஷின்களுக்குப் பின்னால், உறுப்பினர்கள் மட்டும் பார்க்க. மண்டபத்தை எந்த நாள் எடுத்தாலும் அந்த நாளை வெளிப்பலகையில் எழுதிவிட வேண்டும் என்பது தோட்டத்து ஆபீஸ் போட்ட சட்டம்.

எண்பத்து நாலில் அந்தச் சட்டம் ஓர் உயிரைக் குடிக்கப் பார்த்தது.

இராஜம்மாவை அவள் புருஷன் அழகேசன் அடிப்பது எல்லாருக்கும் தெரியும். முந்தின மாதம் கையை முறித்துவிட்டான். அடுத்தது கழுத்துதான் என்று லயத்து வரிசை வீடுகளெல்லாம் கேட்கச் சொன்னான். கட்டையில போறவன், சொன்னதைச் செய்கிறவன். கலும்பாங்கில் இருக்கும் அவள் அண்ணன் சேதுவிடம் அவளைச் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். வியாழக்கிழமை மூன்று மணிக்கு, தையல் வகுப்பு நடக்கிற மாதிரி நாங்கள் உட்கார்ந்திருக்க, செல்லனின் டாக்சி பின்வாசலுக்கு வரும்.

சங்கத்துத் தலைவி மங்கையற்கரசி, தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் மனைவி, யாழ்ப்பாணத்து அம்மா. எதிலும் சட்டம் பார்ப்பவர். வெளிப்பலகையில், “வியாழன்: உறுப்பினர்களுக்கு மட்டும்” என்று எழுதினார். ஆளுக்கொரு பக்கம் வேலைக்குப் போகிற பெண்களுக்குத் தெரிய வேண்டுமே என்று, உள்ளே, “கலும்பாங் பயணம், டாக்சி மூன்று மணி” என்று எழுதினார். வெளியே வெறுமனே தையல் வகுப்பு என்று போடுங்கம்மா என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். வியாழனில் வகுப்பு இல்லையே, பொய் எழுதலாமா என்றார். மறைக்கிறோம் என்று நாங்களே ஊருக்குத் தண்டோரா போட்டதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை அழகேசன் வெளிப்பலகை முன் நின்றதைப் பார்த்தேன். ஒற்றை வரியை அவ்வளவு நேரம் படித்தான்.

திங்கட்கிழமை வகுப்புக்கு இராஜம்மா வந்தாள். கூடவே அழகேசனின் அக்கா அஞ்சலை. எப்போதும் காவலுக்கு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பவள், அன்று உள்ளே வந்து, தானும் உறுப்பினராகச் சேர வேண்டும் என்றாள்.

நான் மங்கையற்கரசியைத் தனியே இழுத்துப்போய், இது அவன் அனுப்பின ஆள், விடாதீர்கள் என்றேன்.

“தோட்டத்துப் பெண் ஆர் கேட்டாலும் சேர்க்கத்தான் வேணும், ரமணி. ஒருதரையும் மறிக்க ஏலாது,” என்றார். அவர் முகமும் வெளுத்திருந்தது.

அஞ்சலை கையெழுத்துப் போட்டாள். நான் ஓடிப்போய் உள்பலகையை முதுகால் மறைத்து நின்றேன். அழித்திருக்கலாம். எல்லாரும் பார்க்கும்போது அழித்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடுமே என்று கை எழவில்லை. அவள் நேராக வந்தாள். என்னைவிட ஒரு சாண் உயரம். என் தோளுக்கு மேலே எட்டி நிதானமாகப் படித்தாள். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. இராஜம்மா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தலை நிமிராமல் இருந்தாள்.

“வியாழக்கெழம அவன் வேலைக்குப் போகமாட்டான். லீவு போட்டுட்டான்,” என்றாள் அஞ்சலை. “வெளிய எழுதியிருந்ததப் பாத்ததுலேர்ந்து பாராங் கத்தியத் தீட்டிக்கிட்டு இருக்கான். உள்ள என்னா எழுதியிருக்குன்னு பாத்துட்டு வரத்தான் என்னைய சேரச் சொன்னான்.”

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இன்னிக்கே அனுப்புங்க. ஆறு மணி வரைக்கும் ஆலையில இருப்பான்.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. செம்பனை எண்ணெய் ஆலைக்குப் போகாமல் அவன் பாதையில் மறைந்து நிற்கிறானோ, இவள் வலை விரிக்கிறாளோ? என்ன செய்யலாம் என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இராஜம்மா எங்களைப் பார்க்கவே இல்லை. நாத்தனார் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

செல்லனுக்கு ஆள் போயிற்று. டாக்சி வரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. பின்சீட்டில் அவளைப் படுக்கவைத்துத் துணிமூட்டைகளால் மூடினோம். செம்பனை மரங்களுக்கு நடுவே வண்டி போனது. யாரும் குறுக்கே வரவில்லை. அஞ்சலை சொன்னது உண்மைதான்.

பின்வாசலிலிருந்து மண்டபத்துக்குள் திரும்பி வந்தபோது அஞ்சலை புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

“எங்கக்கா போறீங்க?” என்றேன்.

“வீட்டுக்குத்தான். அவன் வந்ததும் சோறு கேப்பான்.”

“பைத்தியமா உங்களுக்கு? நீங்களும் எங்கயாவது போயிருங்கக்கா.”

“நானும் இல்லன்னா நேரா இங்கதான் வருவான், ரமணி. நீங்கள்லாம் புள்ளக்குட்டிக்காரங்க.”

சொல்லிவிட்டு நடந்தாள். காவல்காரி என்று இத்தனை நாள் எத்தனை திட்டு திட்டியிருப்பேன்! மண்டபத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தோம். எல்லாரும் சேர்ந்து போய் அவள் வாசலில் நின்றால் அவன் கை ஓங்குவானா? நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் போனேன். லயம் கண்ணுக்குத் தெரிந்தது. எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.