பேரிமரத்துக்கு ரொட்டி கட்டுவது யார்?

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. ஹியர்ஃபோர்ட்ஷயரில் என் பக்கத்து வீட்டு வினிஃப்ரெட் ப்ராபர்ட் ஜாம் கிண்டிக்கொண்டே சொன்னார். "இத எங்கயும் எழுதி வச்சிராத, கண்ணு" என்றும் சொன்னார். எழுதச் சொல்லியிருந்தால் ஒருவேளை எழுதியிருக்க மாட்டேன்.

நான் எழுதிப் பார்த்த முதல் வரி இப்படி இருந்தது: 'பதினேழாம் நூற்றாண்டின் சமயப் பூசல்களின் பின்னணியில்' – பாடப்புத்தக வாடை. விட்டுவிட்டேன். விஷயம் இவ்வளவுதான். கடவுளை எப்படிக் கும்பிடுவது என்பதில் அரசரோடு ஒத்துப்போகாத சிலர் இந்த ஊரிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். ப்ராபர்ட் வீட்டுப் பேரிமரத்தின் குச்சிகளைக் கொண்டுபோய் அங்கே ஒட்டுக் கட்டினார்கள். குடியேறிய இடத்துக்கும் இந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். தாய்மரம் இங்கே, பிள்ளை அங்கே என்று மதுக்கடைப் பலகையிலேயே எழுதியிருக்கிறது.*

* அந்தப் பேரிக்காயைக் கடித்துப் பார்க்க வேண்டாம். வாய் கோணிக்கொள்ளும். மதுவாக்கினால்தான் அதற்கு மரியாதை.

2

பலகை சொல்வது பொய். அது வினிஃப்ரெட்டுக்கு மட்டுமே தெரியும்.

அவர் சிறுமியாக இருந்தபோது ஒரு புயலில் தாய்மரம் சாய்ந்தது. சாய்ந்த பேரிமரத்தை அப்படியே விட்டால், மண்ணில் படிந்த கிளை வேர்விட்டு எழுந்துவிடும். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் ப்ராபர்ட் வீட்டில் சுத்தம் ஒரு வியாதி. மறுநாள் பாதிரியார் தேநீருக்கு வருகிறாரே என்று அப்பா அன்றே மரத்தை அறுத்து விறகாக அடுக்கிவிட்டார். பிறகுதான் உறைத்தது. சத்தம் காட்டாமல் காரணம் சொல்லாமல் அமெரிக்க ஊருக்குச் சொல்லியனுப்பிக் குச்சி வரவழைத்து, அதே குழியில் காட்டுப் பேரிக் கன்றை ஊன்றி ஒட்டுக் கட்டினார். கேட்டவர்களிடம் "பழைய வேர்தான் துளிர்த்திருக்கு" என்று ஒரே போடாகப் போட்டார். ஊரும் நம்பியது. நம்பாவிட்டால் பலகையைத் திருப்பி எழுத வேண்டுமே.

3

ஜனவரியில் இங்கே ஒரு வழக்கம். மரத்துக்குச் சொந்தக்கார வீட்டார் மதுவில் நனைத்த ரொட்டியைக் கிளையில் கட்டுவார்கள். பிறகு ஊரே சட்டி பானையைத் தட்டி மரத்தை எழுப்பும். உரிமையில்லாத கை கட்டினால் மரம் காய்க்காது என்பார்கள். இந்த மரம் ஒரு வருஷம் காய்க்கும், ஒரு வருஷம் முறைத்துக்கொள்ளும். ஊர் மழையைக் குறை சொன்னது. வினிஃப்ரெட் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டார்.

அப்படி ஒரு வருஷம், ரொட்டி கட்டும் நாளுக்கு அமெரிக்க ஊரிலிருந்து கெல்வின் தேயர் வந்திருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். (அவரை முதலில் அலட்டல் பேர்வழியாக எழுதினேன். கதைக்கு அது வசதி. ஆனால் மனுஷன் வந்த அன்றே வினிஃப்ரெட்டின் பாத்திரங்களையெல்லாம் கழுவித் துடைத்து வைத்துவிட்டார். அப்புறம் எப்படித் திட்டுவது?)

கெல்வின் தொப்பியைக் கழற்றிவிட்டு அடிமரத்தைக் கட்டிப்பிடித்தார். "அம்மா மரமே, உன்னப் பாக்கத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்" என்று தேம்பினார்.

வினிஃப்ரெட் ரொட்டித் தட்டோடு பக்கத்தில் நின்றார். சொன்னால் செத்துப்போன அப்பாவை ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் இந்த நல்ல மனுஷன் ஏமாந்தல்லவா அழுகிறார்?

"அழாத கண்ணு. அது உங்க அம்மா மரம் இல்ல."

"என்ன மேடம் சொல்றீங்க?"

"அத எங்கப்பா வெட்டி அடுப்புல வச்சிட்டாரு. இது உங்க ஊர்ல இருந்து வந்த குச்சி. உங்க மரத்தோட பிள்ளை."

சட்டி பானையோடு காத்திருந்த ஊர் நெருங்கி வந்தது.

"அப்போ எங்க ஊரு மரத்தப் பாக்கவா நான் கடல் தாண்டி வந்தேன்?"

"அங்கயே பாத்திருக்கலாம்ல?"

"அங்க ஏது மேடம்? நோய் விழுந்து பட்டுப்போச்சு. அதச் சொல்ல எனக்கு வாய் வரல."

பின்னாலிருந்து மதுக்கடைக்காரர் கேட்டார்: "அது கெடக்கட்டும், இப்போ பலகைய எவன் மாத்தி எழுதுறது?"

ஊர் சிரித்தது. அப்பாவைப் பார்த்துச் சிரித்ததாக வினிஃப்ரெட்டுக்குத் தோன்றவில்லை. பல வருஷத்துச் சுமை இறங்கி, அவரும் சேர்ந்து சிரித்தார்.

4

முடிவு அ: கெல்வின் ஒரு குச்சியைக் காலுறைக்குள் ஒளித்து ஊருக்குக் – வேண்டாம். அமெரிக்கச் சுங்கத்தில் கெடுபிடி அதிகம். பாத்திரம் கழுவியவரை மாட்டிவிட மனமில்லை.

முடிவு ஆ: இருவரும் கல்யாணம் – வினிஃப்ரெட் ஜாம் கரண்டியாலேயே அடிப்பார்.

நடந்தது இதுதான். வினிஃப்ரெட் தட்டை நீட்டினார்.

"நீங்க கட்டுங்க. மரம் உங்களுது."

"மண்ணு உங்களுது மேடம். நீங்கதான் கட்டணும்."

"அட, புடிங்கன்னா!"

"ம்ஹூம், நீங்க."

ரொட்டியிலிருந்து மது சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த வருஷம் காய்ச்சுதா?" என்று கேட்டேன்.

"கிளை முறியக் காய்ச்சுது, கண்ணு" என்றார் வினிஃப்ரெட், முகமெல்லாம் சிரிப்பாக.

யார் கட்டியது என்று கேட்பதற்குள் ஜாம் அடிப்பிடித்துவிட்டது. அவர் கரண்டியோடு ஓடினார். நான் மறுபடி கேட்கவில்லை. உரிமையுள்ள கைதான் கட்டியிருக்கிறது. யார் கை என்று நீங்களே சொல்லுங்கள்.