தூக்கா சார் எழுதிய வரி

சின்ன வெள்ளைப் பலகையிலிருந்த எழுத்து உடையில் பட்டு அழிந்துவிடக் கூடாதே என்று, அதைக் கைக்கெட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்தபடி மகள் ஆஸ்பத்திரிப் படிகளில் தடதடவென்று இறங்கினாள். வாசல் மருந்துக்கடைக்காரர் யார் கிறுக்கலையும் படித்துவிடுவாராம், நர்ஸ் சொல்லியிருந்தாள்.

கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார்.

"டாக்டர் எழுத்துன்னா படிச்சிருவேம்மா. இது ரொம்ப அழகால்ல இருக்கு!"

அழகுக்கு என்ன குறை? எழுதியவர் அவள் அப்பா, தூக்கா சார். ஒரு சொல்லைத் தொடங்கினால் முடிக்கும்வரை பேனாவைத் தூக்காமல், எழுத்தோடு எழுத்தைக் கோத்தே எழுதுவார் என்பதால் பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர். கூட்டெழுத்துக் காப்புக் கழகத்தின் நிறுவனர், செயலாளர், பல கூட்டங்களில் ஒரே பார்வையாளர். தொண்டையில் குழாய் செருகியதோடு பேச்சு போயிற்று. காலையிலிருந்து எழுதிக் காட்டுகிறார். வரி கொடிபோல நெளிந்து ஓடுகிறது. படிக்கத்தான் ஆளில்லை.

"ஈசிஜி மாதிரியே இருக்குக்கா" என்றிருந்தாள் நர்ஸ்.

மகளும் சின்ன வயதில் கூட்டெழுத்து படித்தவள்தான், அழுது அழுது. பரீட்சை முடிந்த கையோடு மறந்தும் போனாள். போன மாதம் அவள் மகனுடைய பள்ளியில் பெற்றோர் கூட்டம். கூட்டெழுத்து வகுப்பு இனியும் வேண்டுமா? "வேண்டாம்" என்று முதல் வரிசையிலிருந்து அவள் கை உயர்த்தினாள். மேடையில் சிறப்பு விருந்தினராக அப்பா. அன்றிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை. இன்று பேச நினைத்தாலும் முடியாது. அந்த வரியில் இருப்பது திட்டா, சமாதானமா? அதுதான் அவளை ஓரிடத்தில் நிற்கவிடாமல் மாடிக்கும் வாசலுக்கும் விரட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது கட்டிலருகே கழகத் தலைவர் நின்றிருந்தார். மைக் இல்லாத குறையை அவர் குரல் உணரவில்லை.

"கொண்டாம்மா இப்படி. நாங்க எதுக்கு இருக்கோம்?" பலகையை வாங்கித் தொண்டையைச் செருமினார். "'கூட்டெழுத்தைக் கைவிடாதீர்கள்!' அடடா! இந்த நெலமையிலயும் கொள்கை பாரு! இதக் கல்லுல செதுக்கணும்."

"சார், தலைகீழாப் புடிச்சிருக்கீங்க" என்றாள் மகள்.

தலைவர் அசரவில்லை. நிதானமாகத் திருப்பிப் பார்த்தார். "இப்படிப் படிச்சாலும் அதே கருத்துதாம்மா வருது."

மகள் பலகையைப் பிடுங்கிக்கொண்டு அப்பாவிடம் குனிந்தாள்.

"அப்பா, எனக்குப் படிக்க வரலப்பா. பிரிச்சுப் பிரிச்சு எழுதுங்க. ஒவ்வொரு எழுத்தா."

"யார்கிட்ட என்னம்மா கேக்குறே?" தலைவர் பதறினார்.

அப்பா கூரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். உள்ளங்கையால் வரியை அழித்தார். பேனாவை வைத்தார், தூக்கினார். வைத்தார், தூக்கினார். ஒவ்வொரு முறையும் ஒரு மூட்டையைத் தூக்குவதுபோலத் தூக்கினார்.

கா ல் கு ளி ரு து

தலைவர் எட்டிப் பார்த்தார். கல்லில் செதுக்க அதில் ஒன்றுமில்லை. போன் பேசுவதாக வெளியே போனார்.

"இதுக்காப்பா காலைலேர்ந்து..." என்ற மகள் கட்டிலின் கடைசிக்குப் போய் இரண்டு பாதங்களையும் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. இரங்கல் கூட்டத்தில் யார் முதலில் பேசுவது என்று தாழ்வாரத்தில் தலைவர் யாரிடமோ வாதாடிக்கொண்டிருந்தார்.

நர்ஸ் வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து போர்த்தினாள். அப்பா நெட்டை; துணி போதவில்லை. முகத்தை மூடினால் பாதம் வெளியே வந்தது. மகள் கீழே இழுத்துவிட்டாள்.

"அக்கா, முகத்த மூடணும்க்கா." நர்ஸ் மேலே இழுத்தாள்.

மகள் மறுபடி கீழே இழுத்தாள்.

நர்ஸ் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, வேறு துணி எடுத்துவரப் போனாள்.