தெற்கு வரிசை

கதவு தட்டும் சத்தம் கேட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்தார் லியோன் ஹூட்டாக். வாசலில் யாரும் இல்லை. தட்டியது எதிர்வீட்டுக் கதவை.

அங்கே நோரீன் நின்றிருந்தாள். ஓய்வுபெற்ற நர்ஸ். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்தல் வந்தால் ஜனநாயகக் கட்சிக்காக வீடுவீடாக ஏறி இறங்குபவள்.

நிலக்கரிச் சுரங்கம் ஓடிய காலத்தில் எங்கள் ஊரில் யாரும் ஓட்டுக் கேட்டு வந்ததில்லை. தொழிற்சங்கம் சொல்லும், ஊர் போடும். சுரங்கம் மூடி, பிறகு சட்டைத் தொழிற்சாலையும் மூடியதும் தொகுதி இரண்டு கட்சிக்கும் நடுவே ஆடத் தொடங்கியது. ஒருமுறை ஜெயித்த ஓட்டு வித்தியாசம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசைக்கு வருகிற கூட்டம்கூட இருக்காது. அதன்பின் இரண்டு கட்சிக்காரர்களும் மாறி மாறிப் படியேறினார்கள்.

மனைவி இர்மா இறந்து, பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையும் முடிந்த பிறகு, லியோனின் வீட்டுக்கு வேறு யாரும் வரவில்லை. அதனால் யார் கேட்டாலும் "இன்னும் முடிவு பண்ணல" என்பார். அப்படிச் சொன்னால் மறுபடி வருவார்கள். மற்றவர்கள் வாசலோடு போய்விடுவார்கள். நோரீன் மட்டும் உள்ளே வந்து காப்பி குடிப்பாள். முழங்கால் வலியை விசாரிப்பாள். இர்மாவைப் பற்றி அவர் பேசினால் கடிகாரத்தைப் பார்க்கமாட்டாள்.

இந்த வருடம் நீதிமன்றம் தொகுதிகளின் எல்லையை மாற்றியது. புதிய கோடு எங்கள் தெருவின் நடுவே போனது. வடக்கு வரிசை பழைய தொகுதியிலேயே இருந்தது. லியோனின் வீடு இருக்கும் தெற்கு வரிசை, மலைக்கு அப்பாலுள்ள பண்ணை ஊர்களோடு சேர்ந்துவிட்டது. அங்கே குடியரசுக் கட்சி யாரை நிறுத்தினாலும் அவர் ஜெயிப்பார். ஓட்டுக் கேட்டு வரவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

லியோன் கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். எதிர்வீட்டு பர்னெல் கதவருகே நின்றபடி கத்தினான்.

"என்னய்யா லியோன், எங்க பக்கத்து ஓட்டுக்குத்தான் இப்ப மவுசு! உன் ஓட்ட இனி நாய்கூட சீந்தாது!"

லியோன் அவனைக் கவனிக்கவில்லை. "நோரீன், காப்பி போடட்டுமா?"

"இன்னிக்கு முடியாது லியோன். இருட்டுறதுக்குள்ள இந்த வரிசைய முடிக்கணும். உங்க பக்கம் இப்ப வேற தொகுதில்ல?"

"நான் முடிவு பண்ணிட்டேன்."

அவள் சிரித்தாள். "இப்பவா?"

"முன்னாடியே. ஒரு தடவகூட உங்க ஆளுக்குப் போட்டதில்ல நோரீன். சும்மா சொல்லிட்டிருந்தேன்." சொன்னதும் அவருக்கு முகம் சுட்டது.

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

நோரீன் கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். "இந்த ஊர்ல என்னை உக்காருங்கன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

பர்னெல் கதவைச் சாத்திக்கொண்டான். அவள் அடுத்த வீட்டுக்கு நடந்தாள். லியோனும் தன் பக்க நடைபாதையில் நடந்தார். அவள் படியேறும்போது நின்றார். இறங்கியதும் மறுபடி நடந்தார். ஒரு வீட்டில் யாரும் திறக்காதபோது மட்டும் அவள் திரும்பிப் பார்த்துத் தோளைக் குலுக்கினாள். அவரும் குலுக்கினார்.

தீயணைப்பு நிலையத்தின் மூலையில் வடக்கு வரிசை முடிந்து, பாதை மேட்டில் ஏறுகிறது. அவள் கையை உயர்த்திவிட்டுத் திரும்பினாள். மேட்டின் முதல் வீட்டில் விளக்கு எரிந்தது, கதவு திறந்தது, அவள் உள்ளே போனாள். குளிர்காற்றில் கோட்டுப் பொத்தான்களைப் போட்டபடி, லியோன் தெருவின் இந்தப் பக்கத்திலேயே நின்றிருந்தார்.