நாற்பத்தொன்றாம் பக்கம்

முப்பது கணினிகளின் மேலிருந்த துணி உறைகளை ஒவ்வொன்றாக உருவி, ஜன்னலுக்கு வெளியே உதறினாள் சிந்தாமணி. அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் சாலையை ஒட்டிய அந்தப் பொறியியல் கல்லூரியில், சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதி எந்த உறையையும் மதிக்காது. கீபோர்டு இடுக்குகளில் வெள்ளையாக உட்கார்ந்துகொள்ளும். பெயின்ட் பிரஷ்ஷால் அதைத் தட்டியெடுத்து, ஒவ்வொரு கணினியையும் போட்டு வைத்தால்தான் ஒன்பதரைக்கு முதலாண்டுப் பிள்ளைகள் உட்கார முடியும். லேப் அட்டெண்டராகப் பதினோரு வருடமாக அவள் செய்துவருவது இதுதான்.

ஜனவரியில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். மேட்லாப் என்கிற கணித மென்பொருளைச் சொல்லித்தர ஜூன் முதல் லேப் இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் தேவை. கணிதப் பட்டம் போதும், மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும். சிந்தாமணி தபால்வழியில் பி.எஸ்சி. கணிதம் முடித்தவள். மகள் இலக்கியாவை மடியில் போட்டுக்கொண்டே கடைசி வருடத் தேர்வுக்குப் படித்தாள். பட்டச் சான்றிதழ் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. அந்தத் தாளை அவள் நான்கு முறை நின்று படித்தாள்.

கணிதத் துறையின் உதவிப் பேராசிரியர் லியோ பிரபு அவளை மதித்துப் பேசுகிறவர். புதிதாகக் கற்பவர்களுக்கென்று விற்கிற வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை வாங்கலாமா என்று அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"புக்கெல்லாம் எதுக்குக்கா? எல்லாம் யூடியூப்ல ஃப்ரீயாவே கெடக்கு. அடுத்த வெர்ஷன் வந்தா அந்தப் புக்கு வேஸ்ட்டு" என்றார் அவர்.

அவர் சொன்னது அவருக்குச் சரி. சிந்தாமணியும் இரண்டு வாரம் முயன்று பார்த்தாள். வீட்டிலிருந்த ஒரே நல்ல போனை மாலையில் இலக்கியா பாடத்துக்கு எடுத்துக்கொள்வாள். லேப்பிலோ அட்டெண்டருக்கு இன்டர்நெட் பாஸ்வேர்டு கிடையாது. கிடைத்த கொஞ்ச நேரத்திலும் வீடியோவில் பேசுகிறவன் எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தான்.

அவள் கணவன் காசிநாதன் சிமென்ட் லாரி ஓட்டுகிறவன். திருச்சிக்கு லோடு இறக்கப் போனவன், சாப்பாட்டுப் பைக்குள் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வந்தான். சட்டையெல்லாம் சிமென்ட், புத்தகத்தில் மட்டும் ஒரு தூசி இல்லை.

"கடக்காரன் என்னைய மேலயும் கீழயும் பாக்குறான். எம்பொண்டாட்டி படிக்கப் போறான்னேன். அப்பறந்தான் கவர்ல போட்டுக் குடுத்தான்."

விலையைப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது. சார் வேஸ்ட் என்று சொன்னதைச் சொல்லிச் சத்தம் போட்டாள்.

"டயர மாட்டி ஒரு நட கூட ஓட்டிப் பாக்கல, அதுக்குள்ள வேஸ்ட்டுங்கிற. மொதல்ல படி டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆளில்லாத லேப்பில் அவள் படித்தாள். முதல் முப்பது பக்கங்கள் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பதற்கே போயின. கல்லூரியில் இருந்தது பழைய வெர்ஷன். படத்தில் மேலே இருந்தது இங்கே பக்கவாட்டில் இருந்தது. சார் சொன்னதுதான் சரியோ என்று சலித்துக்கொண்டே ஓரங்களில் பென்சிலால் திருத்தினாள். அதற்கப்புறம் புத்தகத்தின் குணம் மாறியது. ஒரு படியைக்கூடத் தாண்டவில்லை. வேண்டுமென்றே தப்பான வரி ஒன்றைக் கொடுத்து, அடித்துப் பார் என்றது. திரையில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்ததும், அது ஏன் வந்தது என்று பொறுமையாகச் சொன்னது. ஒரே பக்கத்துக்கு மூன்று முறை திரும்பிப் போனாலும் முகம் சுளிக்கவில்லை. முகம் தெரியாத அந்த ஆசிரியர் மேல் அவளுக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில்தான் அவள் கை நின்றது.

லேப்பின் மூன்றாவது பயிற்சி, சைன் வளைவு வரைவது. பூஜ்யத்திலிருந்து முந்நூற்றறுபது வரை கொடுத்து அடித்தால் திரையில் முள்வேலி மாதிரி ஏதோ தாறுமாறாக வரும். பிள்ளைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. சைன் வளைவு எப்படி இருக்கும் என்று பிளஸ் டூவிலேயே தெரியும். ரெக்கார்டு நோட்டில் சீனியருடையதைப் பார்த்து, பென்சிலால் அழகான அலை ஒன்றை வரைந்துவிடுவார்கள். ஆசிரியர்களும் அலையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். திரையை யாரும் பார்த்ததில்லை. இந்த மென்பொருள் கோணத்தை டிகிரியில் எடுத்துக்கொள்ளாது, ரேடியனில்தான் எடுத்துக்கொள்ளும் என்றது புத்தகம். டிகிரி வேண்டுமானால் கட்டளையோடு ஓர் எழுத்து கூடச் சேர்க்க வேண்டும். சிந்தாமணி அந்த எழுத்தைச் சேர்த்தாள். முள்வேலி மறைந்து, திரையில் ஒரே ஓர் அலை ஏறி இறங்கியது.

அவள் கூப்பிட்டுக் காட்டியதும் லியோ பிரபு தானே உட்கார்ந்து அடித்துப் பார்த்தார்.

"நானும் இதே காலேஜ்லதான்க்கா படிச்சேன். நானும் பென்சில்லதான் வரைஞ்சேன்." பிறகு புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டினார். "நான் வேணாம்னு சொன்னது தப்பு. எனக்கே இது தேவப்பட்டிருக்கு."

நூலகத்துக்கு அதில் பத்துப் பிரதி வாங்கச் சொல்லி அன்றே எழுதிக் கொடுத்தார். அவளுடைய விண்ணப்பத்திலும் பரிந்துரை எழுதினார். ஏப்ரலில் நேர்காணல் நடந்தது. துறைத் தலைவர் அணிக் கணக்கு ஒன்றைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னார், வரைபடம் கேட்டார், தப்பான நிரல் ஒன்றைக் காட்டித் திருத்தச் சொன்னார். மூன்றையும் சிந்தாமணி நிதானமாக அடித்துக் காட்டினாள். நல்லா பண்ணீங்கம்மா என்றார்கள். அன்றைக்குக் காசிநாதன் லாரியை வாசலில் நிறுத்தி, அல்வாவோடு இறங்கினான்.

ஜூனில் இன்ஸ்ட்ரக்டராக வந்தவன் ஜெயப்பிரகாஷ். தாளாளரின் மைத்துனர் மகன்; அந்த வருடம்தான் படித்து முடித்தவன்.

"மேனேஜ்மென்ட்ல முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்களாம். எனக்கும் நேத்துதாங்க்கா தெரியும்" என்றார் லியோ பிரபு. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சரிங்க சார் என்று சொல்லிவிட்டு அவள் உறைகளை உருவப் போனாள்.

ஜெயப்பிரகாஷ் மரியாதை தெரிந்த பையன். "அக்கா, நீங்க கொஞ்சம் பக்கத்துலயே இருங்க" என்று முதல் நாளே கேட்டுக்கொண்டான். மூன்றாவது பயிற்சியின்போது சுவாதி என்ற மாணவி கை தூக்கினாள். திரையில் சிவப்பு வரி. அவன் சிந்தாமணியைப் பார்த்தான். அவள் போய் விட்டுப்போன ஓர் அடைப்புக்குறியைக் காட்டினாள். அடுத்து இன்னொரு கை. பிறகு இன்னொன்று.

மணி அடிக்கும் நேரத்தில் முப்பது நோட்டுகளும் மேசைக்கு வந்தன. அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் நின்றாள். ஒவ்வொரு நோட்டையும் விரித்து வளைவைப் பார்த்தாள். தப்பானதைத் தனியே வைத்தாள். சரியானதை அவன் பக்கம் திருப்பி, கீழ் மூலையில் லேப் இன்ஸ்ட்ரக்டர் என்று அச்சடித்திருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அவன் கையெழுத்துப் போட்டான். ஈர மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டிவிடாதபடி லேசாக ஊதி நோட்டை மூடிவிட்டு, அவள் அடுத்ததை விரித்தாள்.