கிசாபுரோவின் முதுகு

எங்கள் ஊர்ப் பொதுக் குளியல்கூடத்தில் காசு வாங்குகிற மேடையில்தான் என் பொழுது போகிறது. இடப்பக்கம் திரும்பினால் ஆண்கள் உடை மாற்றும் அறை, வலப்பக்கம் பெண்களுடையது. நடுவில் ஒரு மதில் உண்டு, ஆனால் அது கூரை வரை போகாது. புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்துக் கூசுவார்கள். கூசுகிற அளவுக்கு இங்கே யாரிடமும் ஒன்றும் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தொப்பை, தழும்பு, கூன் என்று எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. இந்த ஊரில் நான் வெகு நாள் பார்க்காமல் இருந்த முதுகு கிசாபுரோவுடையது மட்டும்தான்.

அவர் மனைவி ஃபுசயே இந்த ஊர்ப் பெண். ஒசாகாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள், புருஷன் ஓய்வு பெற்றதும் அவரையும் கிளப்பிக்கொண்டு திரும்பி வந்தாள். அங்கே இருந்த காலமெல்லாம் அவளுக்கு ஒரே ஏக்கம்தான். பிறந்த ஊர் வெந்நீரில் குளிக்க வேண்டும், கூடப் படித்தவர்களோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேச வேண்டும், கோடைத் திருவிழாவில் அவர்களோடு வட்டமாகச் சுற்றி ஆட வேண்டும். வந்த மறுநாளே தன் சின்ன வாளியைக் கொண்டுவந்து எங்கள் அலமாரியில் வைத்துவிட்டாள். தினமும் சாயங்காலம் நடன சங்கத் தலைவி மிட்சுயோவின் முதுகை இவள் தேய்ப்பாள், இவள் முதுகை மிட்சுயோ தேய்ப்பாள். இரண்டு பேரும் பேசுகிற பேச்சில் மற்றவர்கள் குளித்து முடித்து வீட்டுக்குப் போய்ச் சமைத்தே விடலாம்.

கிசாபுரோ மட்டும் வரவில்லை. காரணம் எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. உங்களை ஏன் காக்க வைக்க வேண்டும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நடுவயதில் அவருக்குக் கல் அடைத்து அறுவை நடந்திருக்கிறது. கல் போய்விட்டது, தழும்பு தங்கிவிட்டது. சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு இறங்குகிற குழாய் அந்தத் தழும்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, ஓய்வு பெறும் தறுவாயில் நூல் நுழையாத அளவுக்கு ஆகிவிட்டது. வலித்திருந்தால் அப்போதே டாக்டரிடம் போயிருப்பார். வலிக்கவே இல்லை. வேறு எதற்கோ வயிற்றைப் படம் எடுத்தபோதுதான் இடது சிறுநீரகம் நீர் கட்டி வீங்கிக் கிடந்தது தெரிந்தது. உள்ளே மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தார்கள், போகவில்லை. இதயம் பலவீனம், வெட்டித் தைப்பதும் ஆகாது என்றார்கள். கடைசியில் முதுகில் துளை போட்டுச் சிறுநீரகத்துக்குள் நேராக ஒரு குழாயைச் செருகி, மறுமுனையில் பையை மாட்டித் தொடையில் கட்டிவிட்டார்கள். மேலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம், தொட்டியில் மட்டும் இறங்கக் கூடாது. துளையை மூடி ஒட்டுகிற இடம் அவருக்குக் கை எட்டாது. அதைத் தினமும் செய்தது ஃபுசயேதான்.

உயிர் பிழைத்தது பெரிய காரியம். ஆனால் அந்த மனுஷனுக்கு அது அவமானமாக இருந்தது. தொடையில் மூத்திரத்தைச் சுமந்துகொண்டு அலைகிறவன் ஒரு ஆம்பிளையா என்று நினைத்தார். கிட்டே யாராவது வந்தால் வாடை அடிக்குமோ என்று இரண்டடி தள்ளி நிற்பார். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தார். பை தெரியாமலிருக்கத் தொளதொளவென்று கறுப்புக் கால்சட்டை, அதற்கு மேல் நீளமான கோட்டு. பை இடிப்பதால் காலை அகட்டித்தான் நடக்க முடியும். வாய் திறப்பதே அபூர்வம், திறந்தால் ஒசாகாப் பேச்சு. இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு என்ன தோன்றும் என்று அவர் யோசிக்கவில்லை.

இலையுதிர்காலத்தில் எங்கள் தெருச் சங்கத்தார் மலையடிவாரத்து வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போவது வழக்கம். அந்த வருஷம் ஃபுசயே கெஞ்சிக் கூத்தாடிப் புருஷனையும் கூட்டி வந்தாள். எல்லோரும் குளியலுக்கு இறங்கினார்கள். கிசாபுரோ ஜன்னல் ஓரம் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் மீன்கடை தொகுஜிக்குச் சாகே மது கொஞ்சம் தலைக்கேறிவிட்டது. வாங்க அண்ணே, முதுகு தேச்சு விடுறேன் என்று அவர் கோட்டைப் பிடித்து இழுத்தான். கிசாபுரோ அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"கையை எடு. என் முதுகைப் பாத்தவன் யாரும் நல்லா இருந்ததில்ல."

பயத்தில் வந்த உளறல் அது. பையைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது என்று சொல்ல வந்திருப்பார், வாய் அப்படிப் போய்விட்டது. ஆனால் கேட்டவர்கள் அதை மிரட்டலாகவே எடுத்துக்கொண்டார்கள். குளியலறை வாசலில் பச்சை குத்தியவர்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகையைத் தொகுஜி காலையிலேயே படித்திருந்தான். முதுகு நிறையப் பச்சை குத்திக்கொள்வது எங்கள் நாட்டில் யாகுசா ரவுடிக் கும்பல்களின் வழக்கம். அவனுக்குக் கணக்கு நேராகிவிட்டது. ஒசாகா, அகட்டிய நடை, கழற்றாத கோட்டு. ஊர் திரும்புகிற பஸ் பாதி வழி வருவதற்குள் கிசாபுரோ பழைய யாகுசா ரவுடி ஆகிவிட்டார். முதுகு முழுக்க டிராகன் பச்சை குத்தியிருக்கிறதாம். எங்கள் தெருவை வந்தடைந்தபோது அந்த டிராகனின் வால் தொடை வரை இறங்கியிருந்தது.

உண்மையில் மனுஷன் உத்தியோகம் முழுக்கப் பொத்தான் கம்பெனியில் கழித்தவர். தையல்கடை தையல்கடையாக ஏறி இறங்கிப் பொத்தான் அட்டை காட்டியவர்.

ஃபுசயே இந்தக் கதையைக் கேள்விப்பட்டு வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். கிசாபுரோவும் சிரித்தார். முதுகில் குழாய் போட்ட பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மறுநாள் தொகுஜி கடையில் அவருக்கு முன்னால் நின்றவர்கள் வழி விட்டார்கள். தொகுஜி இடுப்பு ஒடியக் குனிந்து, சூரை மீனின் கொழுத்த வயிற்றுத் துண்டைச் சுற்றிக் கொடுத்தான். வாடை அடிக்குமோ என்று ஒதுங்கி நின்ற மனுஷன், மற்றவர்கள் ஒதுங்குவதைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அகட்டி நடந்த நடையை இன்னும் கொஞ்சம் அகட்டினார். கறுப்புக் கண்ணாடி ஒன்றும் வாங்கினார். இதை நான் மன்னிப்பதாக இல்லை.

ஏனென்றால் மதிலுக்குப் பெண்கள் பக்கம் நடந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபுசயே உட்கார்ந்தால் பக்கத்து மணை காலியாகும். ஒருத்திக்கு அடுப்பில் வைத்தது ஞாபகம் வரும், இன்னொருத்திக்குத் திடீரென்று தலைவலி வரும். மிட்சுயோ தன் முதுகைத் தானே தேய்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். கோடைத் திருவிழா நெருங்கியபோது, இந்த வருஷம் ஆட்டத்துக்கு உடுப்பு ஒன்று குறைகிறது, தப்பாக நினைக்காதே என்று ஃபுசயேவிடம் சொன்னாள். யாரும் முகத்துக்கு நேரே கெட்ட வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதெல்லாம் பழக்கமில்லை, குனிந்து வணங்கியே ஆளை வெளியே தள்ளிவிடுவோம்.

பிறகு ஃபுசயே வருவது நின்றது. வாளி மட்டும் அலமாரியில் இருந்தது. ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் துண்டுப் பையோடு நின்றவளைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த ஊர்க் குளியல்கூடத்துக்குப் போகிறாளாம். பிறந்த ஊர் வெந்நீருக்காகத் திரும்பி வந்தவள், முகம் தெரியாதவர்கள் நடுவில் குளிக்கப் பஸ் ஏறுகிறாள். அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் குழாய், பை, சத்தியம் எல்லாவற்றையும் கொட்டினாள். உன் புருஷனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவரு சிரிச்சாரு அக்கா. அதை எப்படிக் கெடுக்குறது?" என்றாள்.

யாரிடமும் சொல்லக்கூடாது என்றாள். சரியென்று தலையாட்டினேன். ஆடியது தலை மட்டும்தான். நேராக அவள் வாளியை எடுத்துக்கொண்டு கிசாபுரோ வீட்டுக்குப் போனேன். அவர் தொகுஜி கொடுத்த மீனை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாளியை அந்தத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

"உங்க சம்சாரம் எங்க குளிக்கிறாங்கன்னு தெரியுமா?"

"உங்க கூடத்துலதான். வேற எங்க?"

"எங்க கூடத்துக்கு வந்து மாசக்கணக்காச்சு. உங்களைப் பாத்தா எல்லாரும் குனியிறாங்க. அவங்களைப் பாத்தா எந்திரிச்சுப் போறாங்க. ரவுடி பொண்டாட்டி பக்கத்துல யாரு உக்காருவா?"

"எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே அவ."

"சொன்னா நீங்க சிரிக்கிறது நின்னுபோகுமாம். அதான் சொல்லல."

அவர் கையில் இருந்த சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். முகம் காதுவரை சிவந்தது. பையை மறைத்தது அவமானத்தால் என்றால் அதை யாரும் புரிந்துகொள்ளலாம். ஆனால் அந்த அவமானத்தை மூட ஒரு பொய் கிடைத்ததும், அதைப் பட்டுத் துணி போலப் போர்த்திக்கொண்டு திரிந்ததும், மனைவி தனியாகப் பஸ் ஏறியதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கவனிக்காமல் விட்டதும் அவருக்கு ஒரே நேரத்தில் உறைத்தன. தினமும் தன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒட்டிவிட்ட கையை அவர் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மீனை அவர் முடிக்கவில்லை. நானும் அதற்கு மேல் திட்டாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், கூட்டம் அதிகமாக இருக்கிற நேரத்தில் இரண்டு பேரும் வந்தார்கள். வாசல் வரை கொண்டுவந்து விடுவார் என்று ஃபுசயே நினைத்திருந்தாள் போலிருக்கிறது. அவர் இரண்டு ஆளுக்குக் காசை என் முன்னால் வைத்தபோது அவள் முகம் வெளுத்தது. வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்தாள். அவர் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு ஆண்கள் பக்கம் போனார்.

தொகுஜி இடுப்பில் துண்டோடு எழுந்து நின்று வணங்கினான். கிசாபுரோ கறுப்புக் கண்ணாடி, கோட்டு, சட்டை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூடையில் போட்டார். கால்சட்டையைக் கழற்றும்போது ஒரு கால் சிக்கிக்கொண்டது. எவனும் உதவ வரவில்லை. பிறகு திரும்பினார். வெள்ளையாக, வற்றிப்போன கிழட்டு முதுகு. டிராகனும் இல்லை, அதன் வாலும் இல்லை. இடுப்புக்கு மேலே பிளாஸ்டிக் ஒட்டின ஒரு சதுரம், அதிலிருந்து இறங்கும் குழாய், தொடையில் ஏறக்குறைய நிறைந்த மஞ்சள் பை. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள்.

குழாயடி மணையில் உட்கார்ந்து தோளில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு மதிலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். கிளம்பும் நேரத்தில் புருஷன் பெண்டாட்டியை அப்படிக் கூப்பிடுவது எங்கள் கூடத்தில் சாதாரணம்.

"ஃபுசயே. முதுகுல ஒட்டினது ஓரமா நனைஞ்சிருச்சு. வீட்டுக்குப் போனதும் மாத்தி ஒட்டணும். மூத்திரப் பையும் நிறைஞ்சிருச்சு."

பெண்கள் பக்கம் எல்லோரும் மதிலைத் திரும்பிப் பார்த்தார்கள். ஃபுசயே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் மறுபடி கூப்பிட்டார். அவள் அப்புறம்தான் வாய் திறந்தாள்.

"எனக்கு எதுக்கு சொல்றீங்க? தினம் ஒட்டுறது நாந்தானே. தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க."

கிசாபுரோ ஆண்கள் பக்கம் திரும்பிப் பேசினார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் மதில் கூரை வரை போகாத கட்டடம், எல்லாம் கேட்டது.

"நான் பொத்தான் வித்தவன். உள்ளே மூத்திரக் குழாய் சுருங்கிப்போன கிழவன், அவ்வளவுதான். நீங்க பயப்படுறது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதனால சும்மா இருந்துட்டேன். பழி பூரா அவ தலையில விழுந்துச்சு. வெக்கமா இருக்கு."

தொகுஜி தொட்டியில் கழுத்துவரை இறங்கிக்கொண்டான், முகத்தை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பெண்கள் பக்கத்தில் மிட்சுயோ எழுந்தாள். தன் மணையைத் தூக்கிக்கொண்டு போய் ஃபுசயேவுக்குப் பின்னால் வைத்தாள். துணியை நனைத்துப் பிழிந்து, முதுகு தேய்த்து விடட்டுமா என்று கேட்டாள். அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"வேண்டாம் மிட்சுயோ," என்றாள் ஃபுசயே. "தனியா தேச்சுப் பழகிட்டேன்."

தோளுக்கு மேலாக ஒரு கையையும் விலாப் பக்கமாக இன்னொரு கையையும் விட்டு, துண்டை இழுத்து இழுத்துத் தேய்த்துக்கொண்டாள். அவசரப்படவில்லை. தேய்த்து முடித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒருமுறை தலை வணங்கிவிட்டுப் புருஷனோடு வெளியே போனாள். மிட்சுயோ ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.